மயிரிழை கீழே

மூன்றே இசைத்தட்டுகள்.
அதில் ஒன்றின் உறையில் பெயரே தப்பு:
டில்லரிக்குப் பதில் டில்லர்டு.
ஆரின் டில்லரி திருத்தச் சொல்லவில்லை.
அவருக்குத் தபால் நிலையத்தில் வேலை.
பாதிப் பெயர்கள் பிழையோடுதான் வருகின்றன,
கடிதம் போய்ச் சேர்ந்துவிடுகிறதே என்றார்.

க்ளீவ்லாண்ட், சீடர் அவென்யூ,
சலவைக் கடையின் பின்னறை.
ஐம்பத்தொன்பது, பிப்ரவரி.
ரேடியேட்டர் சீறுவது
முதல் உருப்படி முழுக்கக் கேட்கும்.
அதன்மேல் டிரம்காரரின் ஈரத் தொப்பி
காய்ந்துகொண்டிருந்தது.
அதுவும் கேட்கும் என்பேன்,
நீங்கள் நம்ப வேண்டாம்.

நான் பியானோவுக்குச் சுருதி கூட்டப் போனவன்.
ஒன்றரை மணி நேரம், நான்கு டாலர்.
எல்லாக் கட்டைகளும் சொன்னபடி கேட்டன,
நடுவுக்கு மேலிருந்த ஒரு ஜி தவிர.
ஆணி பதிந்த பலகை விரிசல் விட்டிருந்தது.
முறுக்கி ஏற்றுவேன்.
காபி குடித்துத் திரும்புவதற்குள்
மயிரிழை இறங்கி உட்கார்ந்திருக்கும்,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி.

பியானோ முன்னால் வெல்மா ஸ்ட்ரோட்.
பத்தொன்பது வயது, முதல் ஒலிப்பதிவு.
பச்சைக் கோட்டைக் கழற்றவே இல்லை.
அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை,
டில்லரியிடம் சொன்னேன்.
அவர் அந்தக் கட்டையை ஒருமுறை தட்டினார்.
ரீடை நாக்கில் நனைத்தபடி
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவ்வளவுதான்.

மிச்சம் தட்டில் இருக்கிறது.
இரண்டாம் பக்கம், மெதுவான உருப்படி.
வெல்மா அந்த ஜி-யைத் தொடும்போதெல்லாம்
சாக்ஸபோனும் அங்கே வந்து நிற்கிறது,
உதட்டைத் தளர்த்தி,
மயிரிழை கீழே,
அவள் இறங்கிய படியிலேயே இறங்கி.
பியானோ பிசகியது காதில் விழாது.
பாஸ் வாசித்த கார்வர் மட்டும்
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
அவருக்கும் சம்பளம் எட்டு டாலர்தான்,
குனிந்துகொண்டார்.

சிகாகோ பத்திரிகையில் நான்கு வரி வந்தது:
கனத்த தொனி.
சொல்ல விஷயம் குறைவு.
டெனர் அங்கங்கே சுருதி தொய்கிறது.
பியானோ வாசித்த பெண் கவனிக்கத்தக்கவர்.

சொல்ல விஷயம் குறைவாம்.
மற்றவர்கள் ஏழு சுற்று எடுக்கும் இடத்தில்
அவர் இரண்டோடு நிறுத்துவார்.
முடிக்கையில் மூச்சு மிச்சமிருப்பது தெரியும்.
அதை ஊதித் தீர்க்க மாட்டார்,
கடைசிப் பேருந்துக்கான காசை
முடிந்துவைத்துக்கொள்வது போல.

கோபத்தில் பத்திரிகைக்கு எழுதினேன்,
பலகை, விரிசல், ஜி, எல்லாம், ஐந்து பக்கம்.
கொண்டுபோன கவுண்டரில் அவரேதான் இருந்தார்.
முகவரியைப் படித்தார்.
தராசில் வைத்தார்.
"இன்னும் நான்கு சென்ட் ஆகும்" என்றார்.
பையைத் துழாவினேன்.
"வெல்மா இந்தப் பத்திரிகையை வாங்குகிறாள்"
என்றார், அதே குரலில்,
தபால்தலை விலை சொல்வது போல.

உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
பனி பெய்துகொண்டிருந்தது.
கையுறையைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டேன்,
திரும்பிப் போய்க் கேட்க வெட்கம்.

வெல்மாவை நியூயார்க் அழைத்துக்கொண்டது.
அவரை யாரும் அழைக்கவில்லை.
அச்சடித்த ஐந்நூறில் முந்நூறு
நிலவறை வெள்ளத்தில் அப்பளமாக நெளிந்தன.
ஓய்வூதியம் வந்த மூன்றாம் வருடம் டில்லரி போனார்.
சென்ற வசந்தத்தில் வெல்மா.
இனி யாருக்கும் வலிக்காது,
சொல்லிவிடுகிறேன்.

தட்டு கிடைத்தால் கேளுங்கள்.
பெயர் டில்லர்டு என்றிருக்கும், பரவாயில்லை.
நான்காவது நிமிடம் தாண்டியதும்
அந்த ஜி வரும், இருவருமாக.
நாற்பது வருடமாக
எனக்கு மட்டும் அங்கே
வலது கை எழுந்து
திருகுகோலைத் தேடும்,
பிறகு மடியில் வந்து விழும்.